கைப்பேசிக்கும் கதவு வேண்டும்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்களில் பலருக்குத் தனி அறை என்பது எட்டாத வசதி. பிகார், ஒடிஸா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றனர். மகளிர் விடுதிகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அத்தகைய வாழ்வில் தமக்கென்று மிஞ்சியிருக்கும் அந்தரங்க வெளி, கையிலுள்ள அறிதிறன்பேசி மட்டுமே.

2016-இல் யுபிஐ அறிமுகமான பிறகு, ஊருக்குப் பணம் அனுப்புவது முதல் தேநீர்க் கடைக் கணக்குத் தீர்ப்பது வரை எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. வங்கிச் செயலி, குடும்பப் புகைப்படங்கள், மருத்துவச் சீட்டுகள், மனம்விட்டுப் பேசும் உரையாடல்கள் அனைத்தும் ஒரே கருவிக்குள் அடங்கியுள்ளன.

இணையவழிக் குற்றம் என்றதும், எங்கோ அமர்ந்திருக்கும் முகம் தெரியாத மோசடிக்காரரே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால், அந்தரங்கம் கலைவதற்கு அவ்வளவு தொலைவு தேவையில்லை. 'ஒரு நிமிடம் பேசிவிட்டுத் தருகிறேன்' என்று கைப்பேசியை வாங்கும் அறைத்தோழரின் விரல், புகைப்படத் தொகுப்பின் பக்கம் நகர்ந்தாலே போதும். உழைத்து உறங்குபவரின் விரலை எடுத்து வைத்தே கைரேகைப் பூட்டைத் திறந்துவிட முடியும். டெபிட் அட்டையும் திறந்த கைப்பேசியும் ஒருவரிடமே சேர்ந்து சிக்கினால், யுபிஐ ரகசிய எண்ணையே மாற்றியமைக்கவும் வழி உண்டு.

இதற்கான தற்காப்பு பெரும்பாலும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. முதலாவது, திரைப்பூட்டு. பிறந்த தேதியையும் 1234-ஐயும் தவிர்த்து, ஆறு இலக்க எண்ணை வைப்பது நல்லது. பொது அறையில் உறங்குபவர்கள் இரவில் கைரேகைத் திறப்பை நிறுத்தி வைக்கலாம். இரண்டாவது, பூட்டிய திரையில் குறுஞ்செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதவாறு அறிவிப்புகளை மறைப்பது. இதைச் செய்யாவிட்டால், கைப்பேசியைத் திறக்காமலேயே வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பிறர் படித்துவிடலாம்.

மூன்றாவது, செயலிகளுக்குத் தனிப் பூட்டு. 2024-இல் வெளியான ஆண்ட்ராய்டு 15, ஐஓஎஸ் 18 ஆகியவற்றில் செயலிகளைப் பூட்டவும் மறைக்கவும் வசதி தரப்பட்டுள்ளது. வாட்ஸ்ஆப் 2023-இல், குறிப்பிட்ட உரையாடல்களை மட்டும் பூட்டும் வசதியைக் கொண்டுவந்தது. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், ஒரு செயலியை மட்டும் திரையில் நிலைநிறுத்திப் பிறரிடம் கொடுக்கும் வசதி உண்டு. பூட்டுவதற்கென்றே கிடைக்கும் அறிமுகமற்ற செயலிகளிடம் எச்சரிக்கை தேவை. திரையில் தெரியும் அனைத்தையும் படிக்க அனுமதி கேட்கும் செயலி, காவலுக்கு வந்து களவு செய்யக்கூடும்.

நான்காவது, வாட்ஸ்ஆப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியை வாரம் ஒருமுறை பார்ப்பது. சில நொடிகள் கைப்பேசி கிடைத்தவர், நம் உரையாடல்களைத் தம் கணினியோடு இணைத்திருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். அங்கிருந்தே அந்த இணைப்பைத் துண்டிக்கலாம்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிறரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

எனினும், சட்டம் எட்டாத இடம் ஒன்றுண்டு. மனைவியின் கைப்பேசியைத் துருவும் கணவரும், விடுதிப் பெண்களின் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் காப்பாளரும் அதை அக்கறை என்றே கருதுகின்றனர். பூட்டு போட்டால், 'மறைப்பதற்கு என்ன இருக்கிறது?' என்ற கேள்வி எழுகிறது. வீட்டுக்குக் கதவு வைத்திருப்பவர் எவரையும் நாம் அப்படிக் கேட்பதில்லை. விடுதிகளை நடத்தும் நிறுவனங்கள் இதை உணர்ந்து, தொழிலாளர்களின் கைப்பேசிகளைச் சோதிப்பதைக் கைவிட வேண்டும். அவர்களின் தாய்மொழியிலேயே இந்தப் பாதுகாப்பு முறைகளைக் கற்றுத்தரவும் வேண்டும்.

உலகுக்கே ஆடை தைத்து அனுப்பும் ஊர் இது. தைப்பவரின் அந்தரங்கத்துக்கும் ஒரு திரை இருக்கட்டும்.