வெட்டிக் காட்டும் படங்கள்

பிள்ளைகளுக்கான அறிவியல், வரலாற்று நூல்களில் ஓவியர் படும் பாடு எழுத்தாளருக்குக் கிடையாது. ‘பிறகு சுவரை எழுப்பினார்கள்’ என்று எழுதுபவர் ஒரே வரியில் தாண்டிவிடலாம். வரைபவரால் முடியாது. கல்லை மேலே ஏற்றியது யார், எதைக் கொண்டு, சாரம் எதன்மேல் நின்றது என்று தெரிந்தால்தான் பேனா நகரும்.

இதில் கரை கண்டவர் டேவிட் மெக்காலே. (நம் கல்விமுறையைத் திட்டும்போது இழுக்கப்படும் மெக்காலே வேறு.) 1946இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போய், கட்டடக்கலை படித்தவர். தேவாலயக் கூரைகளில் மழைநீரைத் துப்பும் விகாரமான கற்சிலைகளை வைத்து ஒரு கதையைப் பதிப்பகத்துக்கு எடுத்துப்போனார். பதிப்பாசிரியருக்குக் கதையைவிட, படத்திலிருந்த தேவாலயம்தான் பிடித்தது. அப்படிப் பிறந்தது 1973இல் வந்த ‘கதீட்ரல்’.

ஷுத்ரோ என்ற பிரெஞ்சு ஊர். 1252இல் தொடங்கி 86 ஆண்டுகள் நடக்கும் வேலை. ஊர் கற்பனை, வேலைமுறை நிஜம். உச்சிக்கல் பொருந்தும்வரை கல்வளைவு தானாக நிற்காது. அதனால் தச்சர்கள் வளைவின் வடிவிலேயே மரச்சட்டம் செய்து மேலே தூக்கி நிறுத்துவார்கள்; நம்மூரில் கான்கிரீட்டுக்கு அடிக்கும் சென்டரிங் மாதிரி. கற்களை அதன்மேல் அடுக்கி, சாந்து இறுகியதும் சட்டத்தைப் பிரித்துவிடுவார்கள். கட்டி முடித்த தேவாலயத்துக்குள் எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றாலும் அந்தச் சட்டம் கண்ணில் படாது. படத்தில் படும். மரக்கூரையை வளைவுகளுக்கு முன்பே போட்டுவிட்டதன் காரணமும் அங்கே புரிகிறது: அடியில் மழைக்கு ஒதுங்கி வேலை செய்யலாம், ஆள் உள்ளே நின்று நடந்தே சுழற்றும் பெரிய சக்கரத்தை உயரத்தில் வைத்துக் கல்லையும் சாந்தையும் இழுக்கலாம்.

1980இல் தலைகீழாகச் செய்தார். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைக் காகிதத்தில் மாடி மாடியாகப் பிரித்துக் காட்டினார். பிரிக்கப் பிரிக்க அதன் எஃகு எலும்புக்கூடு தெரிகிறது. 1988இல் வந்த இயந்திரங்கள் பற்றிய தடித்த புத்தகத்தில், பக்கத்துக்குப் பக்கம் கம்பளி மாமத் யானைகளை உலவவிட்டார். விளையாட்டுத்தனம்தான், ஆனால் பளுவைத் தூக்குவது பற்றிய பாடத்துக்கு யானையைவிடப் பொருத்தமான பாத்திரம் எது?

2010இல் ‘கதீட்ரல்’ படங்களைப் புதிதாக, வண்ணத்தில் வரைந்தார். எனக்கென்னவோ பழைய கறுப்புக் கோடுகள்தான் பிடிக்கின்றன. மரத்தையும் கல்லையும் வண்ணம் பிரித்துக் கொடுத்துவிடாததால், எது எதைத் தாங்குகிறது என்று பிள்ளையின் கண் தானே தேட வேண்டியிருக்கிறது.