போற்றித் திருவகவலும் கருவின் வளர்ச்சியும்

பாபநாசத்திற்குத் தெற்கே, அவ்வட்டத்திலேயே அமைந்த திருக்கருகாவூர், ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய பதியாகும். ஆங்கு அம்மைக்குக் கருக்காத்த நாயகி என்பது பெயர். வேதிகை என்பாளின் கலைந்த கருவை அம்மை ஒரு குடத்தில் வைத்து, மகவாகுமளவும் காத்தளித்தாள் என்பது தலவரலாறு. மகப்பேறு வேண்டுவோர் நெய்யால் படி மெழுகுதலையும், சூலுற்றோர் விளக்கெண்ணெய் பெற்றுச் செல்லுதலையும் இன்றும் காணலாம். கரு எளிதில் அழியும் இயல்பிற்று. ஆதலின் காக்கப்பட வேண்டுவது என்னும் எண்ணமே இவ்வரலாற்றின் உயிர். இவ்வெண்ணம் திருவாசகத்துப் போற்றித் திருவகவலிலும் பயின்றிருத்தல் நோக்கத்தக்கது.

மணிவாசகர் ஆண்டுப் பத்துத் திங்களையும் நிரல்படக் கூறுகின்றார். ஆயின், இன்ன திங்களில் இன்ன உறுப்புத் தோன்றும் என்றாரல்லர். இன்ன திங்களில் இன்ன இடருக்குக் கரு தப்பிற்று என்றே கூறினார். இவ்வேற்றுமையை மறந்து, இற்றை உடலியல் முழுவதும் அவ்வகவலில் உண்டெனக் காட்டப் புகுவாரும் உளர். அது நூலுக்கும் நீதியன்று, உடலியலுக்கும் நீதியன்று என்பது எம் கருத்து.

முதல் திங்களில் இரண்டாகப் பிளவுறாது கரு பிழைத்தது என உரை கொள்வர். ஒரு கருவினின்று இரட்டையர் தோன்றுதற்குரிய பிளவு, கருவுற்ற ஏறத்தாழ இரு வாரத்துள் நிகழ்வதே. இவ்வொற்றுமை வியப்பிற்குரியதுதான். எனினும், ஒன்று பொருந்தியமையால் ஏனையவும் பொருந்தும் என்பது பெறப்படாது. அகவல் திங்கள்தோறும் ஓர் இடர் வைக்கின்றது. உண்மையில் இடர் தொடக்கத்திலேயே செறிந்துள்ளது. கரு 6, 7 நாளளவில் கருப்பைச் சுவரிற் பதியத் தொடங்குகின்றது. 22ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்குகின்றது. நான்காம் வார இறுதியளவில், மூளையும் தண்டுவடமும் ஆதற்குரிய குழல் மூடிக்கொள்கின்றது. எட்டாம் வார முடிவில் தலையாய உறுப்புக்கள் யாவும் அடிகோலப்பட்டுவிடும். நீளமோ 3 செ.மீ. அளவே. கருச்சிதைவுகளிற் பெரும்பாலான முதல் 12 வாரத்துள் நிகழ்வதற்கு இவ்விரைவும் ஒரு காரணம். குரோமோசோம் பிழைகள் மற்றொன்று.

பத்துத் திங்கள் என்னுங் கணக்கு மிகையோ எனின், அன்று. இறுதிப் பூப்பினின்று மகப்பேறு வரை ஏறத்தாழ 280 நாள். மதியின் சுழற்சி 29½ நாளாதலின், பிறப்புப் பத்தாந் திங்களின் இடையே நிகழும். திங்கள் என்னுஞ் சொல்லே இக்கணக்கிற்குச் சான்று.

எட்டாந் திங்களைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏழாந் திங்களிற் பிறந்த மகவு தங்கும், எட்டிற் பிறந்தது தங்காது என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் உண்டு. சுசுருத சங்கிதை எட்டாந் திங்களில் ஓசசு நிலைபெறாது என்னும். கிரேக்க நாட்டு இப்போக்கிரதேசர் பெயரால் வழங்கும் நூல்களுள் எட்டுத் திங்கள் மகவு பற்றியே தனி நூல் ஒன்று உளது. அகவல் அத்திங்களுக்குத் துன்பம் கூறுவதைக் கொண்டு இந்நம்பிக்கைக்கு அரண் தேடுதல் பொருந்தாது. அகவல் ஒன்பதிற்கும் துன்பமே கூறுகின்றது. நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டாவண்ணம் காக்கும் நீர்ப்பொருள் ஆறாந் திங்களளவில் சுரக்கத் தொடங்கி, ஏறத்தாழ 35ஆம் வாரத்திலேயே போதிய அளவினதாகின்றது. ஆகவே ஏழிற் பிறந்த மகவினும் எட்டிற் பிறந்த மகவே பிழைத்தற்கு மிகுதியும் உரியது.