கப்பி மீனுக்கு ஏன் இத்தனை அவசரம்?

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று நம்மூர்த் தண்ணீர்த் தொட்டிகளில் விடுகிறோமே, அந்தக் கப்பி மீனின் தாயகங்களில் ஒன்று டிரினிடாட் தீவு. அங்குள்ள மலை ஓடைகளில், அருவிக்குக் கீழே வாழும் கப்பிக்கும் மேலே வாழும் கப்பிக்கும் வாழ்க்கையே வேறு. கீழே, வளர்ந்த கப்பியையே விழுங்கும் பெரிய மீன்கள் உண்டு. அவற்றால் அருவி ஏற முடியாது. மேலே உள்ள எதிரி சிறிய மீன். பெரும்பாலும் குஞ்சுகளைத்தான் பிடிக்கும்.

நாளை உயிரோடு இருப்போமா என்பதே நிச்சயமில்லாதபோது காத்திருந்து என்ன பயன்? கீழ்க் கப்பி சின்ன உடம்பிலேயே பருவமடைந்து, பொடிப்பொடியாக நிறைய குட்டிகளை ஈனுகிறது. மேலே உள்ளது நிதானமாக வளர்ந்து, எண்ணிக்கையில் குறைவான, ஆனால் பெரிய குட்டிகளை ஈனுகிறது.

இது எதிரியின் வேலையா, தண்ணீரின் வேலையா? 1976இல் உயிரியலாளர் ஜான் எண்ட்லர் டிரினிடாடின் அரிப்போ ஆற்றுக் கீழ்க் கப்பிகளைப் பிடித்து, கப்பியும் பெரிய எதிரியும் இல்லாத ஒரு கிளை ஓடையில் விட்டார். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைக்குள், அவற்றின் சந்ததி மேல் கப்பியின் நிதானத்துக்கு மாறியிருந்தது. உயிரியலாளர் டேவிட் ரெஸ்னிக்கும் எண்ட்லரும் இதை 1990இல் வெளியிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு சோதனை. பழைய இடத்து மீன்களையும் புது ஓடை மீன்களையும் ஆய்வகத்தில் ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்து, இரண்டாம் தலைமுறையை அளந்தார்கள். வித்தியாசம் மறையவில்லை. தீனியோ தண்ணீரோ காரணமல்ல; மாற்றம் மரபணுவிலேயே ஏறியிருந்தது.