ஒரே வாங்கில் இருந்தாற் போதுமா?

பாடசாலையில் இடைவேளை மணி அடிக்கின்றது. பிள்ளைகள் மைதானத்திற்கு ஓடுகின்றனர். கிளித்தட்டு விளையாட இரு கட்சிகள் வேண்டும். தலைவர் இருவர் முன்னே நின்று, மாறி மாறித் தம் கட்சிக்கு ஆள் எடுக்கின்றனர். விரைந்து ஓடுபவன் முதலில் எடுக்கப்படுகின்றான். அவனுடைய நண்பன் அடுத்து எடுக்கப்படுகின்றான். இறுதியில் ஒரு பிள்ளை மட்டும் எஞ்சி நிற்கின்றது. “இவனை நீ எடு” என்கின்றான் ஒரு தலைவன். “எனக்கு வேண்டாம்; நீயே வைத்துக்கொள்” என்கின்றான் மற்றவன்.

அப்பிள்ளை எஞ்சியது ஏன்? கால் சற்று ஊனமாயிருக்கலாம், காது மந்தமாயிருக்கலாம், வேற்றூரிலிருந்து புதிதாக வந்திருக்கலாம், வேறு சமயத்தைச் சேர்ந்ததாயிருக்கலாம், அல்லது “அந்த வீட்டாரோடு சேராதே” என்று மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டிலே சொல்லப்பட்டிருக்கலாம். காரணம் எதுவாயினும், தான் வேண்டப்படாதவன் என்ற பாடத்தை அன்று அது கற்றுக்கொள்கின்றது. மற்றப் பிள்ளைகளும் ஒரு பாடம் கற்கின்றனர்: ஒருவனை ஒதுக்கலாம், பெரியவர்கள் அதைப் பொருட்படுத்தார் என்பதே அது. இவ்விரு பாடங்களும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆயினும் நாள்தோறும் நடைபெறுகின்றன.

ஒதுக்குதல் நம் பாடசாலைகளுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலே ஒருகாலத்தில், தாழ்த்தப்பட்ட குலத்தினரென்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் அமர முடியாதிருந்தனர். பல இடங்களில் அவர்கள் நிலத்தில் இருந்தே பாடங் கேட்டனர். இக்கொடுமைக்கு எதிராக எழுந்த கோரிக்கையே “சம ஆசனம், சம போசனம்” என்பது. 1924ஆம் ஆண்டில் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய இளைஞர் இயக்கம், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, தீண்டாமையை வன்மையாக எதிர்த்தது. 1930ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற பணிப்பு வந்தது. அதனைப் பொறாதார் சிலர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். பிள்ளைகள் அருகருகே இருப்பதைக் காட்டிலும் பாடசாலை சாம்பலாவதே மேலென்று எண்ணிய நெஞ்சங்களும் அக்காலத்தில் இருந்தன. பின்னர் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவரை ஒதுக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

உடற்குறையுள்ள பிள்ளைகளின் வரலாறும் இத்தகையதே. அவர்கள் நெடுங்காலம் வீட்டு மூலையிலே மறைக்கப்பட்டிருந்தனர். 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் அம்மையார், செவிப்புலனோ கட்புலனோ இழந்த பிள்ளைகளுக்கென இலங்கையில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் வடக்கிலே கைதடியில் நஃபீல்ட் பாடசாலை எழுந்தது. இவை ஆற்றிய தொண்டு பெரிது. எனினும், இயன்றவரை எல்லாப் பிள்ளைகளும் தம் ஊர்ப் பாடசாலையிலே ஒன்றாகக் கற்கவேண்டும் என்ற கொள்கை உலகெங்கும் வலுப்பெற்றது. 1994ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரிலே கூடிய 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் இக்கொள்கையைப் பிரகடனம் செய்தனர்.

ஆகவே, கதவு திறந்துவிட்டது, வாங்கும் கிடைத்துவிட்டது. ஆனால், நேயர்களே, ஒரே வாங்கில் இருக்கும் இருவருக்கிடையே ஒரு மதில் இருக்கமுடியாதா? சட்டம் ஒரு பிள்ளைக்கு இடத்தைப் பெற்றுக்கொடுக்கும், தோழனைப் பெற்றுக்கொடுக்கமாட்டாது. அது ஆசிரியரின் கையிலும் பெற்றோரின் வாயிலும் இருக்கின்றது.

இங்கே முதலில் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். இரக்கம் வேறு, ஏற்றல் வேறு. ஊன்றுகோலுடன் ஒரு பிள்ளை வகுப்பினுள் வரும்போது, “பாவம், இவனுக்கு எல்லாரும் உதவி செய்யுங்கள்” என்று ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றார். ஆனால் அந்த ஒரு சொல்லால் அப்பிள்ளை மற்றவரினும் தாழ்ந்த படியில் நிறுத்தப்பட்டுவிடுகின்றது. எந்நேரமும் பெற்றுக்கொள்பவனாகவே இருப்பவன் ஒருபோதும் தோழனாகமாட்டான். கொடுக்கவும் அவனிடம் ஏதேனும் இருக்கவேண்டும். அது மற்றவருக்குத் தேவைப்படவும் வேண்டும்.

இவ்வுண்மையை ஆராய்ந்து சொன்னவர் அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட். வெறுமனே அருகருகே இருத்தலால் மட்டும் வெறுப்பு அகலாது; இருதிறத்தாரும் சமநிலையில் நிற்கவேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதனை அடைய ஒருவரோடொருவர் கூடி உழைக்கவேண்டும், மேலோரின் ஆதரவும் வேண்டும் என 1954ஆம் ஆண்டில் அவர் எழுதினார். 1971ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலே இதற்கு ஒரு சோதனை நேர்ந்தது. அதுவரை பிரிந்து கற்ற வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக்க வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கு ஒரே வகுப்புகளிற் சேர்க்கப்பட்டனர். உடனே பகையும் சண்டையும் மூண்டன. எலியட் அரன்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவரும் ஒரு முறையை வகுத்தனர். பாடம் ஒன்று பல துண்டுகளாக்கப்பட்டது. ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு துண்டு. மற்றவர் சொல்வதைக் கேளாதவருக்குப் பாடம் முழுமையாகாது. நாளடைவில் ஒருவரையொருவர் விரும்பும் நிலை வளர்ந்தது.

இம்முறைக்குப் பெருஞ்செலவில்லை. பனையைப் பற்றிய பாடமொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை ஓலையின் பயனை அறிந்து வரட்டும். மற்றொன்று பழத்தையும் பனாட்டையும். இன்னொன்று கிழங்கையும் ஒடியலையும். வேறொன்று மரத்தையும் நாரையும். பின்னர் நால்வரும் கூடி ஒருவருக்கொருவர் கற்பிக்கட்டும். காது மந்தமான பிள்ளை சொல்வதைக் கேளாவிட்டால், கிழங்கைப் பற்றிய வினாவுக்கு மற்ற மூவருக்கும் விடை தெரியாது. ஆகவே அவர்கள் அதன் முகம் பார்த்து, தெளிவாகப் பேசக் கற்பர். ஒன்றை மாத்திரம் ஆசிரியர் காத்தல்வேண்டும்: “உன் தகப்பனுக்குத்தானே இத்தொழில் தெரியும்” என்று எந்தப் பிள்ளையையும் சுட்டிவிடலாகாது. துண்டுகளைச் சீட்டுப்போட்டே பகிர்ந்தளித்தல் நன்று.

விளையாட்டுக்கும் ஒரு வழியுண்டு. சிக்காகோ நகரிலே சிறுவர் வகுப்பு ஆசிரியையாக விளங்கிய விவியன் பேலி அம்மையார், “நீ விளையாட வரக்கூடாது என்று எவரும் எவரிடமும் சொல்லலாகாது” என்ற கருத்துடைய விதியொன்றைத் தம் வகுப்பில் அமைத்தார். 1992ஆம் ஆண்டில் அதனை நூலாகவும் வெளியிட்டார். அவர் அவ்விதியைத் திடீரெனத் திணிக்கவில்லை. தம் சின்னஞ்சிறு மாணாக்கரோடு பல நாள் உரையாடினார். மேல் வகுப்புப் பிள்ளைகளிடமும் சென்று கருத்துக் கேட்டார். ஒதுக்கும் பழக்கம் முதிருமுன்னரே அதனைத் திருத்துதல் எளிது என்பது அவர் முயற்சியால் நாம் பெறும் பாடம். ஐந்தாம் வயதில் வளையும். பதினைந்தில் வளைவது கடினம்.

நம் ஆசிரியர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை சில உள. கட்சி பிரிக்கும் உரிமையைத் தலைவர்களிடம் விடாது, “ஒன்று, இரண்டு” என எண்ணிப் பிரிக்கலாம். வாங்கிலுள்ள இடங்களைத் தவணைக்கு ஒருமுறையாவது மாற்றலாம். கேள்வி குறைந்த பிள்ளையை முன்வரிசையில் இருத்தி, கரும்பலகையைப் பார்த்தபடி பேசாது பிள்ளையின் முகம் நோக்கிப் பேசலாம். உடற்குறையை வைத்துப் பட்டப்பெயர் சூட்டும் மாணவனைத் தனியே அழைத்துத் திருத்தலாம். எல்லார் முன்னிலையிலும் அவனை நாணச்செய்தால், அந்த வன்மம் மெலியவன் மீதே திரும்பும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம், “இன்று எத்தனை புள்ளி?” என்று கேட்கின்றீர்கள். “இன்று யார் யாரோடு விளையாடினாய்? தனியே நின்றவர் எவராவது உண்டா?” என்றும் கேட்டுப் பாருங்கள். பெரியோர் எதைக் கேட்கின்றனரோ, அதுவே முக்கியமென்று பிள்ளை அறிந்துகொள்ளும்.

முன்னோர் சிலர் வாங்கிலே இடம் பெற்றுத் தருவதற்காகப் போராடினர். அந்த வாங்கில் இருப்பவனை “வா, எங்கள் கட்சிக்கு வா” என்று அழைக்கும் குரலை வளர்ப்பது நம் கடன். நாளை இடைவேளை மணி அடிக்கும்போது, மைதானத்தின் ஓரத்திலே எவரேனும் எஞ்சி நிற்கின்றனரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.