நிலவறைச் சுவர் ஏன் வியர்க்கிறது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மழை பெய்யாத நாளில், குழாய் ஏதும் ஓடாத சுவரில் தண்ணீர் எங்கிருந்து வரும்? இக்கேள்விக்கு எனக்கு விடை தெரியாததால் என் தந்தையார் ஒரு வாரக் கூலியை இழந்தார்.

சென்னையில் ஒரு ஜவுளிக் கடையின் நிலவறைக் கிடங்கில் அவர் மூட்டை தூக்குகிறார். சென்ற கோடை விடுமுறையில் அங்கு சென்ற நான், உள்ளே அடித்த புழுங்கல் வாடையைக் கண்டு, "சன்னல்களைத் திறந்தே வையுங்கள் அப்பா, காற்று வந்தால் காய்ந்துவிடும்" என்றேன். "படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவரும் பகல் முழுதும் திறந்து வைத்தார். சில நாட்களில் சுவர் நனைந்தது. அடி வரிசைத் துணிகளில் பூஞ்சணம் பூத்தது. நட்டத்தில் ஒரு பங்கை அவர் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். மகன் சொல்லித்தான் திறந்தேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பனிநிலை காணும் சோதனையைச் செய்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. 32 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 34 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காடானால் அதில் இருப்பது 25½ கிராம். மண்ணுக்குள் இருக்கும் சுவர் 26 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். அந்த வெப்பநிலையில் காற்று தாங்குவது 24½ கிராமே. மிச்சம் ஒரு கிராம் சுவரில் நீராகப் படியும். இப்படி ஆயிரம் கனமீட்டர் காற்று சுவரில் பட்டுக் குளிர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீர்! ஈரத்தைப் போக்க நான் அழைத்த கடற்காற்றே ஈரத்தைச் சுமந்து வந்திருக்கிறது.

அப்படியானால் எப்போது திறப்பது? இதற்குக் கருவி தேவையில்லை. ஒரு எவர்சில்வர் செம்பில் நீர் நிரப்பி, இரவெல்லாம் நிலவறையில் வைத்திருங்கள். காலையில் அதைத் துடைத்துத் தெருவாசலுக்குக் கொண்டு வாருங்கள். செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் படிந்தால் சன்னலைத் திறக்கக் கூடாது; படியாவிட்டால் திறக்கலாம். சென்னைக் கோடையில் முற்பகலில் வீசும் மேல்காற்று பெரும்பாலும் உலர்ந்தது; கடற்காற்று தொடங்கியதும் அடைத்துவிட வேண்டும். திறக்கும்போது ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் வழி இருந்தால்தான் காற்று அறை முழுதும் ஓடும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும்.

ஒன்றை மறக்கலாகாது. சுவரில் ஒரு பாலிதீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் மேற்புறம் நனைந்தால் அது காற்றின் ஈரம். உட்புறம் நனைந்தால் மண்ணிலிருந்து ஊறும் நீர். அதைக் காற்றால் மட்டும் தீர்க்க முடியாது, கொத்தனாரைத்தான் அழைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் விளக்கி, என் தவற்றையும் ஒப்புக்கொண்டேன். பிடித்த கூலி திரும்பி வரவில்லை. ஆனால் இப்போது நாள்தோறும் காலையில் அவர் செம்பைப் பார்த்த பிறகே சன்னலில் கை வைக்கிறார். நான் சொல்வதையும் அப்படியே ஏற்பதில்லை. "செம்பு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்கிறார். அறிவியலை என்னைவிட அவரே நன்றாகக் கற்றுக்கொண்டார்.