மருத்துவக் குறிப்புகள் நம்மோடு வருமா?

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், வயதான பெற்றோர் சில மாதங்கள் ஊரிலும் சில மாதங்கள் பிள்ளைகளிடமுமாக இருப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களோடு மருந்துச் சீட்டுகள் அடங்கிய பை ஒன்றும் பிரயாணம் செய்கிறது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதோ அந்தப் பையில் இல்லாவிட்டால், புதிய ஊர் டாக்டருக்குத் தெரிய வழியில்லை. அவசர நேரத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் இக்குறை ஏன் தீரவில்லை? ஒவ்வொரு மருத்துவமனையும் தன் போக்கில் பதிவு செய்வதே காரணம். கல்லீரல் பரிசோதனையில் ஒரு லேப் 'எஸ்.ஜி.பி.டி.' என்று எழுதுவதும், இன்னொன்று 'ஏ.எல்.டி.' என்று எழுதுவதும் ஒன்றேதான். டாக்டருக்கு இது தெரியும். கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்தால்தான் தெரியும். இதற்காக ஏற்பட்டவையே பொதுத் தரங்கள். எந்த மொழியில் முகவரி எழுதினாலும் பின்கோடு சரியாக இருந்தால் கடிதம் உரிய தபால் நிலையத்தை அடைகிறதல்லவா? அதுபோல, பரிசோதனைகளுக்கு 'லாயிங்க்', நோய்களுக்கும் மருத்துவச் சொற்களுக்கும் 'ஸ்னோமெட் சி.டி.' என்ற குறியீடுகள் உள்ளன. இவற்றைக் கோத்து அனுப்பும் உறை போன்றது 'எஃப்.எச்.ஐ.ஆர்.' என்ற தரம்.

நம் நாட்டில் இத்தரங்களைக் கொண்டு மருத்துவமனைகளை இணைப்பது 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்'. 2020-இல் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாக அறிவிக்கப்பட்டது. இதில் சேருவோருக்கு 14 இலக்க 'ஆபா' எண் கிடைக்கும். இது காப்பீட்டு அட்டை அன்று; சேருவதும் கட்டாயமில்லை.

குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். கேட்பவர் யார், எந்தக் குறிப்புகள், எந்தக் காலத்தவை, எத்தனை நாள் பார்க்கலாம் என்பவற்றுக்கு நோயாளி சம்மதம் தந்தால்தான் அவை அனுப்பப்படும். தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். வீட்டில் நாமே அளந்து வைக்கும் ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கும் இந்த ஏற்பாட்டில் இடமுண்டு.

ஆனால் எண் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. மருத்துவமனையும் இத்திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும். பதிவின்போது நம் எண்ணையும் கொடுக்க வேண்டும். பழைய காகிதங்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றலாம். அவை டாக்டர் படிக்க உதவும். எனினும், குறியீடுகளுடன் பதிவான முடிவுகளைப் போல அவற்றை வரிசைப்படுத்தி ஒப்பிடுவது கம்ப்யூட்டருக்கு எளிதன்று.

ஆகவே, பெற்றோர் அடுத்த முறை ஊருக்குப் புறப்படுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். அவர்கள் எண்ணோடு பதிவான செல்போன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சம்மதம் கேட்டு வரும் செய்தியைக் கவனிக்க அது உதவும். இங்கு பார்த்த வைத்தியத்தின் குறிப்புகள் இணைக்கப்பட்டனவா என்று செயலியில் சரிபாருங்கள். ஒவ்வாத மருந்துகள், தினசரி மாத்திரைகள், அளவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். எல்லா ஊர் மருத்துவமனைகளும் இணையும்வரை, அந்த ஒரு தாளே கைகொடுக்கும்.