உஷார்! வட்டுக்குச் சோறு போகும் வழி அடைபடுகிறது

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமிருந்து விடியுமுன் தீப்பெட்டி ஆபீசுக்கு வேன் ஏறும் அக்காமாரே, இது உங்களுக்குத்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவிவிட்டு மறுநாளும் குனிந்து உட்கார்ந்து குச்சி அடுக்குகிறீர்கள். உள்ளே முதுகெலும்பு வட்டு, அதாவது டிஸ்க், பட்டினி கிடக்கிறது.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டின் உட்பகுதிக்கு ரத்தக்குழாயே கிடையாது. இடுப்பு வட்டின் மையத்திலுள்ள செல்லுக்கும் அருகிலுள்ள ரத்தக்குழாய்க்கும் இடையே 8 மில்லிமீட்டர் வரை தூரம். சர்க்கரையும் ஆக்சிஜனும் எலும்போரத் தகட்டின் வழியே, கரிசலுக்குள் ஈரம் இறங்குவதுபோல மெல்லக் கசிந்துதான் போய்ச் சேர வேண்டும். கழிவாகும் லாக்டிக் அமிலத்துக்கும் அதே வழிதான். வழி அடைத்தால் செல் சாகும். வட்டு நீர் வற்றிச் சுருங்கும்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு, ரத்தத்தில் சாயமருந்து ஏற்றி 24 மணி நேரத்துக்குள் பல முறை எம்.ஆர்.ஐ. எடுத்தது. எலும்புக்குச் சில நிமிடத்தில் வந்த மருந்து, வட்டின் நடுவை எட்ட மணிக்கணக்காயிற்று. தகடு சிதைந்த இடத்தில் அந்தப் போக்கே மாறிப்போயிருந்தது. 2004-ல் சர்வதேசப் பரிசு பெற்ற ஆய்வு இது.

இன்னொன்றும் கேளுங்கள். 2009-ல் பரிசு பெற்ற, இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஆய்வில், நல்ல ஆரோக்கியமானவர்களின் முதுகில் நாலரை மணி நேரம் விடாமல் பாரம் கொடுத்தார்கள். வட்டுக்குள் சாயமருந்து போவது மந்தப்பட்டது. பாரத்தை எடுத்தபிறகும் தேற சுமார் 3 மணி நேரம் பிடித்தது. நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் முதுகை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. அரை மணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு நடங்கள். மேஸ்திரி முறைத்தாலும் எழுந்திருங்கள்.

வீட்டு ஆண்களிடமும் சொல்லுங்கள்: பீடியும் சிகரெட்டும் ரத்தக்குழாயைச் சுருக்கும், அந்தச் சின்ன வழிக்கும் கேடு. தேய்ந்த டிஸ்க்கை வளர்க்கும் என்று பொடியோ டானிக்கோ யார் விற்றாலும் வாங்காதீர்கள். பிள்ளையை முதுகில் ஏற்றி மிதிக்கச் சொல்வதையும் விடுங்கள்.

ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்தாலோ, தொடையிடுக்கும் பிட்டமும் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். நரம்பு நசுங்குகிறது. அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.